விலக்க முடிகிற கனம்

நான் ஓய்வு பெற்றவன். வயது முப்பத்து மூன்று. இதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் சிரிப்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன், ஆனால் இருமல் வந்துவிடும் என்பதால் சீக்கிரம் நிறுத்திக்கொள்வேன். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது, இனிமேல் அந்தத் தையல் கூடத்துக்குள் கால் வைக்காதே என்று டாக்டர் சொன்னார். எனக்கு நடந்த பணி நிறைவு விழா அவ்வளவுதான்.

இப்போது அங்கே வேலை பார்க்கும் பெண்பிள்ளைகள் இரண்டு பேர் போன வாரம் போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பியிருந்தார்கள். "அண்ணே, இனிமே பாலியஸ்டர் ஷீட்டு ரோல் ரோலா வருதாம். மிஷின்லயே கட்டம் கட்டமா அடிச்சிரலாமாம். நீங்க இருந்தப்ப எந்தப் பஞ்சு வைக்கிறது, தையல் வரி எம்புட்டுத் தள்ளிப் போடுறதுன்னு எப்படி முடிவு பண்ணுவீங்க? கொஞ்சம் எழுதிக் குடுங்கண்ணே." அரைப் பக்கத்தில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுத அது வேறு எங்கோ போகிறது. போகட்டும்.

நாங்கள் தைத்தது கனப் போர்வை. மதுரை ஒத்தக்கடையில் ஒரு சிறப்புப் பள்ளிக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட நீளமான கூடத்தில். சில பிள்ளைகளுக்கு உடம்பு ஓரிடத்தில் நிற்காது. கை பறக்கும், கால் உதறும், படுத்தால் படுத்த நிமிடம் எழும்பும். அந்த உடம்பின் மேல் சீரான கனம் ஒன்று படிந்தால் சிலருக்கு அது அடங்கும். எல்லோருக்கும் இல்லை, சிலருக்கு. எவ்வளவு கனம் என்று பள்ளியின் தெரபிஸ்ட் எழுதித் தருவார். ஏறக்குறைய பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கு. அந்தக் கனத்தைத் துணியாகவும் பஞ்சாகவும் மாற்றுவது எங்கள் வேலை.

கேட்பதற்குச் சின்ன வேலை. நானும் அப்படித்தான் நினைத்தேன். டெக்ஸ்டைல் டிப்ளமோ முடித்துவிட்டு, நாகமலை புதுக்கோட்டையில் ஒரு ரூமில் நண்பர்களோடு தங்கி அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். படித்தேன் என்பதைவிட, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வேறு எதையாவது யோசித்தேன் என்பதே சரி. கைச்செலவுக்கு ரெண்டு மாதம் என்று அந்தக் கூடத்துக்குப் போனவன் திரும்பவில்லை. முதல் வருடம் பஞ்சு பிரித்தேன், துணி வெட்டினேன், ஊசியால் விரலைக் குத்திக்கொண்டேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பஞ்சு அடிக்கும் மிஷின் காதர் அண்ணன் கையில். மிஷினைப் போட்டதும் கூடம் முழுக்க மார்கழிப் பனி மாதிரி ஆகிவிடும்.

"மாப்ள, மூக்குல துணியக் கட்டு. இல்லாட்டி பஞ்சு உனக்குள்ள போயி மெத்தை தச்சிரும்" என்பார்.

"நீங்க கட்டலையேண்ணே?"

"எனக்குள்ள எப்பவோ தச்சு முடிச்சிருச்சுடா. இப்ப பட்டன் வைக்கிற வேலைதான் பாக்கி."

அப்போது வயிறு வலிக்கச் சிரித்தேன். நான் துணி கட்டத்தான் செய்தேன். அந்தத் தூசிக்கு அது போதாது என்பது பிறகுதான் தெரிந்தது.

கூடத்துக்குப் பொறுப்பு பியூலா மிஸ். நாற்பதைத் தாண்டியவர். அந்தப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து, இந்தப் பிரிவு தொடங்கியபோது தானே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவர். அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. பாராட்டியும் பார்த்ததில்லை. தைத்த போர்வையை மேசையில் விரித்து உள்ளங்கையால் மெதுவாகத் தடவிக்கொண்டே போவார். சில நேரம் கை ஓரிடத்தில் நின்றுவிடும். பிறகு மேசை மேல் இருக்கும் சின்னக் கத்தரியை எடுத்து, பிடி என் பக்கம் இருக்கும்படி திருப்பி நகர்த்துவார். பேச்சே இருக்காது. 'பிரி' என்று அர்த்தம். கத்தரி நகராவிட்டால் போர்வை தேறியது.

தேறியதும் முடிந்துவிடாது. முதலில் நனைத்துத் துவைப்போம். வீட்டில் எப்படித் துவைப்பார்களோ அப்படி, கல்லில் அடித்து, முறுக்கிப் பிழிந்து, மொட்டைமாடி வெயிலில் போட்டு. துவைத்த பிறகும் பஞ்சு இருந்த இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்போம். பிறகு மிஸ் தரையில் பாயை விரித்து, செருப்பைக் கழற்றி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, அந்தப் போர்வைக்குள் படுப்பார். ஃபேனை நிறுத்தச் சொல்வார். வேர்த்து எழும் வரை படுத்திருப்பார். எழுந்து, "தோள்ல படியல" என்பார். அல்லது, "வயித்துக்கிட்ட ஒரு பக்கமா இழுக்குது" என்பார். அவ்வளவுதான்.

கடைசியில் பிள்ளை வரும். போர்வை வீட்டுக்குப் போகும் முன், அந்தப் பிள்ளை அதைத் தானே மூன்று முறை விலக்கிவிட்டு எழ வேண்டும். ஒருவரும் கை கொடுக்கக் கூடாது. விலக்காவிட்டால் போர்வை அலமாரிக்குத் திரும்பும். இதில் மிஸ் இம்மியும் இறங்கி வர மாட்டார். எதற்கு இவ்வளவு கெடுபிடி என்று ஒரு அம்மா ஒருமுறை கேட்டார்கள். "வேணும்னா போத்திக்கிறதும் வேண்டாம்னா தள்ளிவிடுறதும்தாங்க போர்வை. தள்ளிவிட முடியலன்னா அதுக்கு வேற பேரு" என்றார் மிஸ். என்ன பேர் என்று அந்த அம்மா கேட்கவில்லை.

இனி பஞ்சுக்கு வருகிறேன்.

இலவம்பஞ்சு நம் பக்கத்துச் செல்லப்பிள்ளை. உடம்புக்குக் குளிர்ச்சி என்று எல்லோரும் நம்புகிறார்கள். மெத்தைக்கு அது சரி. போர்வைக்குள் வைத்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். நெருக்கித் தைக்காவிட்டால் நாலு நாளில் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துவிடும். அதைவிட முக்கியம், அதில் கனமே கிடையாது. பருத்திப் பஞ்சில் கனம் உண்டு, வேர்வையையும் உறிஞ்சும். ஆனால் தண்ணீர் பட்டதும் உருண்டு கட்டியாகும். அதனால் வரிக்கு வரி இடைவெளி குறைவாக இருக்க வேண்டும். மில்லில் சீவிக் கழித்த குட்டை இழைப் பஞ்சு என்றால் இன்னும் குறைவாக. பாலியஸ்டர் ஷீட்டோ கட்டுக்கோப்பாக நிற்கும், ஒரு முழம் தள்ளித் தைத்தாலும் நகராது. மலைமேல் இருக்கிறவர்களுக்கு அருமை. சித்திரை மாதம் மதுரையில் அதைப் போர்த்திப் பாருங்கள், தெரியும்.

தையலுக்கும் ஒரு குணம் உண்டு. வரியை நெருக்கினால் பஞ்சு அமுங்கும், உள்ளே காற்று குறையும், சூடு குறையும். ஆனால் போர்வை விறைத்துப்போகும். வரியைத் தள்ளிப் போட்டால் மெத்தென்று உடம்பில் படியும், ஆனால் சூடு ஏறும், பஞ்சும் நகரும். கனமாக இருக்க வேண்டும், சூடு ஆகாது, உடம்பில் படிய வேண்டும். இந்த மூன்றையும் ஒன்றாகக் கேட்டால் பஞ்சு கைவிரித்துவிடும். பெரும்பாலும் ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் தைப்போம். விட்டுக்கொடுக்க முடியாத ஒரு பிள்ளை வந்தது.

செக்கானூரணிக்கு மேற்கே ஒரு கிராமம். அம்மா பெயர் முத்துலட்சுமி. மகள் தர்ஷினி, பன்னிரண்டு வயது, பேச்சு கிடையாது. இரண்டு கை விரல்களையும் கண்ணுக்கு முன்னால் விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டே இருப்பாள். தகப்பனாருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. துணைக்கு வந்தவர் பெரியப்பா தவசி. அவர் தோளில் ஒரு பெரிய மூட்டை.

"எங்க மரத்து இலவம்பஞ்சு சார். ஒரு தூசி தும்பு இருக்காது. இதப் பூராம் உள்ள வச்சுத் திண்டு மாதிரி தச்சுக் குடுங்க. புள்ள எந்திரிக்கக் கூடாது. அம்புட்டுத்தான்."

மூட்டையை வாங்கித் தராசில் வைத்தேன். முள் கொஞ்சம் அசைந்து நின்றது.

"என்ன சார், மூட்டை ஆனைக்குட்டி மாதிரி இருக்கு, முள்ளு அசைய மாட்டேங்குது. உங்க தராசு தூங்குதா?"

"தடிப்பு வேற, கனம் வேறங்க. இதுல திண்டு தச்சா தடியா இருக்கும், காத்துல பறக்கும்" என்றேன்.

காதர் அண்ணன் மிஷின் பக்கமிருந்து, "அண்ணே, அந்த மூட்டைய இங்க குடுத்துட்டுப் போங்க, நான் தலைகாணி போட்டுக்கிறேன்" என்றார். தவசி சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். முத்துலட்சுமிக்குக் கொஞ்சம் மல்லிகைக் காடு உண்டு. விடிந்ததும் பூப் பறிக்கப் போகவேண்டும், பறித்த பூ சந்தைக்குப் போகவேண்டும். அந்த நேரத்தில் தர்ஷினி எழுந்து நடந்துவிடுகிறாள். மழைக்கு முன்னால் ஒரு காலையில் கிணற்று விளிம்பில் உட்கார்ந்திருந்தாள், காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு. சுற்றுச்சுவர் இல்லாத கிணறு. பார்த்தவர் தவசிதான். பின்னாலிருந்து சத்தம் போடாமல் போய்த் தூக்கியிருக்கிறார்.

"அன்னிக்குப் புடிச்ச நடுக்கம் இன்னும் நிக்கல" என்று கையை நீட்டிக் காட்டினார். "ஊர்ல எல்லாரும் சொல்லிட்டாங்க, கட்டிப் போடுன்னு. இவ ஆத்தாதான் கேக்க மாட்டேங்குறா. இந்தப் போர்வையில நிக்கலன்னா நானே கட்டிருவேன், டீச்சர். செத்துப்போறதுக்கு அது தேவல."

பியூலா மிஸ் அளவு எழுதும் நோட்டைத் திறந்தார். "புள்ள எடை என்ன?" என்று மட்டும் கேட்டார்.

கிளம்பும்போது முத்துலட்சுமி என்னிடம் தனியாக வந்தார். "தம்பி, மிஸ் சொல்ற அளவுக்கு மேல கொஞ்சம் வச்சிருங்க. யாருக்கும் தெரிய வேண்டாம். எம்புள்ளைய என் கையால கட்ட முடியாது தம்பி."

"அதுக்கு ஒரு அளவு இருக்குக்கா" என்றேன்.

முதல் போர்வை பருத்திப் பஞ்சில். தெரபிஸ்ட் எழுதிய கனம் வருகிற வரைக்கும் பஞ்சை அடுக்கி, ரெண்டு விரல் இடைவெளியில் வரி வரியாகத் தைத்தேன். கனம் சரி, சூடும் பரவாயில்லை. ஆனால் பலகை. ஆள் மேல் போட்டுப் பார்த்தால் தோளுக்கும் முழங்காலுக்கும் நடுவே கூடாரம் மாதிரி நின்றது. உடம்பைத் தொடவே இல்லை. மிஸ் கத்தரியை நகர்த்தினார். பிரித்தேன். ரெண்டாவதில் அதே பஞ்சு, வரி ஒரு சாண் தள்ளி. நன்றாகப் படிந்தது. துவைத்துக் காயப்போட்டு எடுத்தால், உள்ளே பஞ்சு கோழிமுட்டை கோழிமுட்டையாக உருண்டு கிடந்தது. போதாததற்கு, மிஸ் அதற்குள் படுத்து, சேலை நனைந்து எழுந்தார். மறுபடியும் கத்தரி.

கோபத்தில் சாப்பிடாமல் கூடத்துக்குள் நடந்துகொண்டிருந்தேன். சும்மா இருக்க எனக்கு வராது. சாப்பாட்டு நேரம். காதர் அண்ணன் மூலையில் பழைய ஜமுக்காளம் ஒன்றை விரித்துப் படுத்திருந்தார். ஒரு பாதியை மேலே இழுத்து மூடியிருந்தார், இடுப்பு வரை. அது அவர் உடம்பின் மேடு பள்ளமெல்லாம் தெரியும்படி படிந்து கிடந்தது. அந்த வெயிலிலும் மனிதர் குறட்டை விட்டார்.

நான் போய் அதை உருவினேன்.

"யார்ரா அது. மாப்ள, உனக்கு என்ன கேடு. என் படுக்கையும் உன் கண்ணுல பட்டுருச்சா?"

"எம்புட்டு நாளாச்சுண்ணே இதுக்கு?"

"என் நிக்காவுக்கு விரிச்சது. இப்ப மூத்த மகளுக்கே மாப்ளை பாத்துட்டேன், நீயே கணக்குப் போட்டுக்க."

தராசில் போட்டேன். முள் ஓடியது. மெல்லிசு, ஆனால் அவ்வளவு கனம். அப்போதுதான் உறைத்தது. நான் இவ்வளவு நாள் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். பஞ்சை நூற்று, முறுக்கி, நெருக்கி நெய்துவிட்டால் அதில் காற்றுக்கு இடம் ஏது? சூடு எங்கே தங்கும்? நெய்த துணி நகராது. நகராததைப் பிடித்து வைக்க நெருக்கமான தையல் எதற்கு? ஒரு சாண் தள்ளி வரி போட்டால் போதும். வரி குறைந்தால் விறைப்பு குறையும். கனம், குளிர்ச்சி, படிவு மூன்றும் ஒன்றாக வந்து நின்றன.

புது ஜமுக்காளம் உதவாது, அது அட்டை மாதிரி நிற்கும். ஒரு கல்யாண மண்டபத்தில் கிழிந்ததென்று கழித்துப் போட்டவற்றில் நாலைந்தை வாங்கிவந்தோம். ஆயிரம் பேர் உட்கார்ந்து எழுந்து, வருடக்கணக்கில் துவைத்துத் துவைத்து, கையில் எடுத்தால் தொங்குகிற பதம். நல்ல பாகமாக வெட்டி அடுக்கினேன். முரட்டு நெசவு பிள்ளையைக் குத்தாமலிருக்க இருபுறமும் பழைய வேட்டி ஒரு சுற்று, அதற்கு மேல் விளக்குத்தூண் பக்கத்துத் துணிக்கடையில் வாங்கிய காடாத் துணி. மிஷினில் வைத்தேன். ஊசி முறிந்தது, இன்னொன்று மாட்டினேன், அதுவும் முறிந்தது. சரி என்று கையால். தடித்த நூல், கோணி ஊசி, ஒரு சாணுக்கு ஒரு வரி, ஓடு தையல். துவைத்தோம், நனைந்ததைத் தூக்க ரெண்டு ஆள் வேண்டியிருந்தது. நனைந்தால் உடனே எடுத்துவிட வேண்டும், முகத்துக்கு மேல் ஏறவே கூடாது என்று அந்த அம்மாவிடம் எழுதியும் சொல்லியும் கொடுக்க வேண்டும் என்றார் மிஸ். பிறகு அதற்குள் படுத்தார். ஃபேனை நிறுத்தினேன். வெகுநேரம் படுத்திருந்தார். எழுந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கத்தரியை எடுத்துத் தன் மேசை டிராயருக்குள் வைத்தார்.

பிள்ளை வந்தது. பாயில் படுக்கவைத்து, காலிலிருந்து மெல்ல ஏற்றினோம். நெஞ்சு வரை வந்ததும் தர்ஷினி ஒரு நீளமான மூச்சு விட்டாள். ஆடிக்கொண்டிருந்த விரல்கள் மெதுவாகி மெதுவாகி, நின்றன. முத்துலட்சுமி அந்த விரல்களையே பார்த்தார். "இவ கை சும்மா இருந்து நான் பாத்ததே இல்ல டீச்சர்" என்றார், மிகவும் தணிந்த குரலில்.

இனி விலக்க வேண்டும். "தர்ஷினி, எந்திரிம்மா." அசையவில்லை. கடலை மிட்டாய் காட்டினோம். தண்ணீர்க் குழாயைத் திறந்து சத்தம் கேட்கவைத்தோம், அவளுக்குப் பிடித்த சத்தமாம் அது. கண் மட்டும் அந்தப் பக்கம் போய்த் திரும்பியது. சுகமாகக் கிடந்தாள்.

மிஸ் போர்வையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டார். "அடுத்த வாரம் வாங்க."

அடுத்த வாரமும் அதே கதை. நான் ஒரு அடுக்கை எடுத்துவிட்டுப் பார்க்கலாம் என்றேன். எடுத்தோம். விரல்கள் மறுபடி ஆட ஆரம்பித்தன, ஆனாலும் எழவில்லை. அப்படியானால் கனம் அதிகமாகி அவள் கிடக்கவில்லை. பிடித்துப்போய்க் கிடக்கிறாள். அடுக்கைத் திரும்ப வைத்துத் தைத்தேன். மிஸ்ஸிடம் போய், "அவளால முடியும் மிஸ். வேண்டாம்னு கெடக்குறா. இத எப்படி ஃபெயில்னு சொல்றது?" என்றேன்.

"முடியும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பாத்தாத் தெரியுதுல்ல மிஸ்."

"எனக்குத் தெரியல, செல்வா."

தவசி பொறுமை இழந்தார். ரெண்டு பஸ் மாறி வந்து வெறுங்கையோடு திரும்புகிற ஆத்திரம். "எந்திரிக்கலன்னா நல்லதுதான டீச்சர். அதுக்குத்தான வந்தோம். நீங்க என்ன, எந்திரிக்கலன்னு திருப்பி அனுப்புறீங்க? நாளைக்கே நான் கயித்த எடுத்தா உங்க ரூல்சு வந்து தடுக்குமா?"

"தடுக்காதுங்க" என்றார் மிஸ். "ஆனா கயிறுன்னா எல்லாருக்கும் கயிறுன்னு தெரியும். இது அப்படித் தெரியாது. போர்வைன்னு நினைச்சுட்டு நாமளும் அசந்துருவோம்."

நான் அன்று மிஸ்ஸின் பக்கம் இல்லை. கயிற்றைவிடக் கனம் மேல் என்றுதான் எனக்கும் பட்டது. சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது முறை வந்தபோது முத்துலட்சுமி ஓய்ந்துபோயிருந்தார். முகூர்த்த நாட்கள் வருகின்றன, பூவுக்கு விலை ஏறும் நேரம், அவரோ இங்கே உட்கார்ந்திருக்கிறார். பிள்ளை போர்வைக்குள் கிடந்தது. மிட்டாய், குழாய், கைதட்டல், எல்லாம் முடிந்தன. திடீரென்று அவர் எழுந்து பையைத் தோளில் மாட்டினார்.

"நான் போறேன். இந்தப் போர்வையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். இவளை நீங்களே வச்சுக்கங்க."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் நடந்தார். கூடத்தைத் தாண்டி வெளியே போய்விட்டார்.

போர்வைக்குள் இருந்து ஒரு கை வந்தது. இடது கை. விளிம்பைத் தடவித் தேடி, நெஞ்சுக்கு நேராக ஒரு இடத்தில் கொத்தாகப் பிடித்தது. முழங்கால் ரெண்டும் மேலே வந்தன. ஒருக்களித்துப் புரண்டாள், பிடித்த கை அந்தக் கனத்தை மொத்தமாக இழுத்துத் தள்ளியது. ஜமுக்காளம் சரிந்து தரையில் விழுந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அவள் எழுந்து, செருப்பில்லாமல், எங்கள் யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தாள். கேட்டுக்குப் பக்கத்தில் அம்மாவின் முந்தானையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

காதர் அண்ணன் மிஷினை நிறுத்தியிருந்தார்.

"இன்னும் ரெண்டு தடவ" என்றார் மிஸ்.

மறுபடி படுக்கவைத்தோம். மறுபடி அம்மா பையை மாட்டிக்கொண்டு போனார். அதே கை, அதே இடம், அதே புரளல். மூன்றாம் முறை முத்துலட்சுமியால் கேட் வரை நடக்க முடியவில்லை. பாதி வழியில் தரையில் உட்கார்ந்துவிட்டார். தர்ஷினி வந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"பூக்காட்டுக்குக் கெணத்தத் தாண்டித்தான போகணும்" என்றார் முத்துலட்சுமி, அழுகைக்கு நடுவே, தவசியைப் பார்த்து. "இவ எங்கயும் ஓடல மாமா. என்னத் தேடி வந்துருக்கா."

தவசி கூடத்துப் பக்கம் திரும்பினார். பிறகு தரையில் கிடந்த போர்வையைக் காட்டி, "அப்ப இது நிறுத்தாது" என்றார்.

"நிறுத்தாது" என்றார் மிஸ். "வீட்டுக்குக் குடுக்கலாம். ஆனா நீங்க கேட்ட வேலைய இது செய்யாது. எடுத்துட்டுப் போறதும் விடுறதும் உங்க இஷ்டம்."

எவ்வளவு வேலை. எத்தனை முறை பிரித்தது, எத்தனை ஊசி. கடைசியில் அது தேறிய காரணமே அவர்களுக்கு அது உதவாமல்போகிற காரணமாக இருந்தது. எனக்கு மிஸ்ஸைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

முத்துலட்சுமி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "கை நிக்குதுல்ல. அது போதும், எடுத்துக்கிறேன்" என்றார். தவசிதான் அதைத் தோளில் போட்டுக்கொண்டார். "இம்புட்டுக் கனத்த செக்கானூரணி வரைக்கும் சுமக்கணும், அதுவும் எந்திரிச்சு ஓடுறதுக்கு" என்று முனகிக்கொண்டே போனார். அவர் போன பிறகும் எனக்குள் ஒரே கேள்விதான். இந்த மனிதர் நாளைக்குக் காலையில் கயிற்றை எடுப்பாரா?

கொடுத்த போர்வையைச் சில மாதம் கழித்து வீட்டுக்கே போய்ப் பார்த்துவருவது எங்கள் வழக்கம். பஞ்சு நகர்ந்திருக்கிறதா, நூல் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வீட்டுக்கு நான் போனபோது இருமல் முற்றியிருந்தது. டாக்டர் சொல்லிவிட்டார், அந்த மாதத்தோடு வேலை முடிகிறது. அதற்குள் அங்கே போய்விட வேண்டும் என்று அடம்பிடித்துக் கிளம்பினேன். மெயின் ரோட்டிலிருந்து காட்டுக்கு நடக்கையில் நாலைந்து இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன்.

முதலில் தெரிந்தது கிணறு. அதைச் சுற்றி இடுப்பு உயரத்துக்கு ஹாலோ பிளாக் சுவர். பூசாத சுவர். தவசி அதன் மேல் பூச்சுக் கரண்டியோடு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சார். மூச்சு ஏன் இப்படி வாங்குது? மொதல்ல உக்காருங்க." தண்ணீர் கொடுத்தார். நான் சுவரையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "போர்வை நிறுத்தாதுன்னு உங்க டீச்சர் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாங்கள்ல" என்றார். "அப்பறம் கெணத்தத்தான நிறுத்தணும்."

மல்லிகைச் செடிகளுக்கு ஓரமாக, வேப்பமர நிழலில் ஒரு கயிற்றுக் கட்டில். முத்துலட்சுமி இப்போதெல்லாம் விடியலில் மகளையும் காட்டுக்கே கூட்டிவந்துவிடுகிறார். கட்டிலில் தர்ஷினி, மேலே எங்கள் போர்வை. அம்மா பூப் பறிக்கும் வரிசை அவளுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கிறது. வரிசை தள்ளிப் போனால் எழுந்துவிடுவாளாம். எழுந்து, போய், முந்தானையைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு, தானே திரும்பிவந்து படுத்துக்கொள்வாளாம். சில நாள் படுக்கவே மாட்டாளாம். அன்றைக்குப் பூ பாதிதான் என்றார் முத்துலட்சுமி. அதை அவர் குறையாகச் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை.

போர்வையை விரித்து, மிஸ் மாதிரி உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனேன். உள்ளடுக்கு ஒரு நூல்கூட நகரவில்லை. ஒரு சாண் வரிகள் நேராக நின்றன. கை ஒரே இடத்தில்தான் நின்றது. இடது விளிம்பில், நெஞ்சுக்கு நேராக, ஒரு கைப்பிடி அகலத்துக்குக் காடாத் துணி நைந்து, வேட்டி தெரிந்து, அதுவும் கிழிந்து, ஜமுக்காளத்தின் சிவப்பு வெளியே வந்திருந்தது. மற்ற ஓரமெல்லாம் புதுசு போலவே இருந்தது.

முத்துலட்சுமி பூக்கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து அதைப் பார்த்தார்.

"அந்த ஓரத்த மட்டும் ரெட்டையாத் தச்சுக் குடுங்க தம்பி" என்றார். "தெனமும் அங்கதான் புடிச்சு எந்திரிக்கிறா."

பையில் ஊசியும் தடித்த நூலும் இருந்தன. கட்டில் சட்டத்தில் உட்கார்ந்து, ஒரு துண்டுத் துணியை நாலாக மடித்து வைத்து, அந்த இடத்தில் தைத்தேன். ஒரு தையலுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு நெல் நுழையாது, அவ்வளவு நெருக்கம். போர்வையில் வேறெங்கும் அப்படித் தைக்கவே கூடாது. தர்ஷினி விரல்களை ஆட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். நான் கடைசி முடிச்சைப் போடுவதற்குள் இடது கையை நீட்டி, புதுத் துணி வைத்த இடத்தைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். தையல் தாங்கியது.